எழுத்து தெரிந்தவன்

அந்தச் சத்தம் கண்ணாடி உடைகிற சத்தமாகவே இல்லை, அதுதான் ஆனந்த்ராஜுக்கு இரண்டு நாளாகப் பிடிபடவில்லை, சில்லென்று தெறிக்கும் என்றுதானே நினைத்திருந்தான், ஆனால் ஈரச் சாக்கை மேலிருந்து போட்ட மாதிரி தொப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், பிறகு ஒரு நொடி ஒன்றுமே இல்லை, அந்த ஒரு நொடி எவ்வளவு நன்றாக இருந்தது, பிறகுதான் அந்த அலறல்... "சார், கொஞ்சம் நிமிர்ந்து உக்காருங்க, காலரு மைக்க மறைக்குது" என்று கேமராக்காரர் கழுத்தருகே கையைக் கொண்டுவந்தபோது தன்னையறியாமல் அதைத் தட்டிவிட்டான், அடித்த மாதிரியே பட்டென்று விழுந்தது, அந்த மனிதர் திகைத்துப்போய் "சாரி சார்" என்றார், அடி வாங்கியவர் மன்னிப்புக் கேட்கிறார், இது எந்த ஊர் நியாயம்? வடலூரில் செல்போன் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இந்த அறை, ஜன்னல்களைத் தெர்மாகோல் வைத்து அடைத்திருந்தார்கள், முதுகுக்குப் பின்னால் ஃபிளெக்ஸில் அச்சடித்த உலக வரைபடம், இந்தியப் பெருங்கடல் முழுக்க ஒரு நகைக்கடையின் பெயர், கீழே தெருவில் ஜெனரேட்டர் இரைகிற இரைச்சல் நாற்காலியின் கால் வழியாக ஏறி முதுகுத்தண்டில் அதிர்ந்துகொண்டிருந்தது. மின்சாரம் தயாராகிற இடம் இங்கிருந்து கூப்பிடு தூரம், இங்கே கரண்ட் இல்லை, அதையும் இன்றைக்குப் பேசத்தான் போகிறார்கள், பேசட்டும், எல்லாவற்றையும் பேசட்டும், அந்த ஒன்றைத் தவிர.

"வணக்கம், இது ஞாயிறு காலை பதினொரு மணி, உங்கள் 'உலகமும் உள்ளூரும்' நேரலை" என்று தொகுப்பாளினி வெண்மதி ஆரம்பித்துவிட்டாள், முதல் பாதியில் வெளியுறவு, ஜெனீவாத் தீர்மானத்தில் இந்தியா என்ன செய்ய வேண்டும், இரண்டாம் பாதியில் உள்நாடு, நெய்வேலி மின்சாரம் யாருக்கு, இடையிடையே நேயர்கள் தொலைபேசலாம்... ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தினாள், வலது பக்கம் ஓய்வுபெற்ற பேராசிரியர் பன்னீர்செல்வம், சர்வதேச உறவுகள் பாடத்தை முப்பது வருஷம் நடத்தியவர், இடது பக்கம் வழக்கறிஞர் செங்குட்டுவன், வெள்ளிக்கிழமை நெய்வேலி ஆர்ச் கேட் மறியலுக்கு அழைப்பு விடுத்தவர், நடுவில் "வெளியுறவு வல்லுநர் ஆனந்த்ராஜ் அவர்கள்". வல்லுநர். அந்தச் சொல்லை முதல் தடவை கேட்டபோது நெஞ்சு எப்படி விரிந்தது... நெய்வேலிச் சுரங்கத்தில் மண் தோண்டுகிற பக்கெட் வீல் இயந்திரம் ஓட்டுகிறவன், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், பன்னிரண்டாவதோடு படிப்பு நின்றுபோனது, ஆனால் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இங்கிலீஷ் பேப்பர் படித்தவன், ஒப்பந்தம், உடன்படிக்கை, எந்த நாடு எந்தத் துறைமுகத்தில் காலூன்றியது என்று தேதியோடு சொல்லுவான், கேட் மீட்டிங்கில் மைக் பிடித்தால் கான்ட்ராக்ட் தொழிலாளிகள் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். எதிரியின் மொழியைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சென்னைக்குப் போனபோது பழைய புத்தகக் கடையில் சிங்கள அரிச்சுவடி ஒன்று வாங்கிவந்து எழுத்துகளைக்கூடப் பழகினான், அதற்கு என்ன அவசியம் வந்தது, யார் கேட்டார்கள், அந்தப் புத்தகத்தை வாங்காமல் இருந்திருந்தால்?

பேராசிரியர் பேசத் தொடங்கிவிட்டார், நிதானமாக, கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற மாதிரி, "அண்டை நாட்டுக் கொள்கைன்னு ஒண்ண நாம தனியாப் பாக்க முடியாது, கடல்ல யாரு கை ஓங்கியிருக்குங்கிறதுதான் கேள்வி, பெரிய ரெண்டு யானை மோதுற இடத்துல சின்ன நாடு நசுங்கும், சின்ன இனம் அதைவிட நசுங்கும்..." நசுங்கும். அந்தச் சொல்லை எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார், வாயில் வெற்றிலையை ஒதுக்குகிற மாதிரி. ஆனந்த்ராஜ் நசுங்கியதைப் பார்த்திருக்கிறான், நான்கு வருஷத்துக்கு முன்னால், இரண்டாயிரத்து ஒன்பது மே மாதத்தில், கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாக, பதுங்குகுழிக்குள் மண்ணோடு மண்ணாகக் கிடந்த கால்கள், தார்ப்பாயின் மேல் வரிசையாகக் கிடத்தியவர்கள், ஒரு தாய் தன் வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நடக்கிறாள், விரல் இடுக்கில் வழிந்துகொண்டிருந்தது... அன்றைக்கு ஷிஃப்டுக்குப் போய் இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்தான், கீழே அந்த ராட்சசச் சக்கரம் சுழன்று பற்களால் மண்சுவரைக் கடித்துக் கடித்துத் துப்பியது, மண்ணைக் கடிக்கிறதே, இதை அவர்கள் மேல் ஏற்ற முடியாதா என்று நினைத்தான், உண்மையாகவே நினைத்தான், கொழும்பு வீதியில் இந்த இயந்திரத்தை ஓட்டிப்போவதாக, பற்களில் மண்ணுக்குப் பதிலாக... அந்த நினைப்பு கொடுத்த ருசி இருக்கிறதே, நான்கு வருஷமாக அதைத்தானே வெளியுறவுக் கொள்கை என்று பேசிக்கொண்டிருந்தான்?

வெள்ளிக்கிழமையும் அந்த ருசிதான் வாயில் இருந்தது. ஆர்ச் கேட் அருகில் நெடுஞ்சாலையில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள், கறுப்புக் கொடி, எரித்த கொடும்பாவியின் வைக்கோல் சாம்பல் காலில் ஒட்டியது, செங்குட்டுவன் பத்து நிமிஷம் பேசிவிட்டு அடுத்த ஊர் மறியலுக்குக் காரில் போய்விட்டார், போகும்போது மைக்கை ஆனந்த்ராஜ் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பின்னால் இருபது முப்பது வண்டிகள் நின்றன, அதில் ஒன்று வெள்ளை நிறப் பேருந்து, சென்னைப் பதிவு எண், முன் கண்ணாடியின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருந்தது, உருண்டை உருண்டையாக எழுத்து. "கேரளா வண்டிப்பா, கோயிலுக்குப் போறவங்க, வுட்டுடுங்க" என்று யாரோ சொன்னார், நல்ல மனுஷன், அவர் யார் என்று பார்த்திருக்கலாம், அவர் பேச்சோடு விட்டிருக்கலாம், ஆனால் பக்கத்தில் நின்ற இன்னொருவர் திரும்பி, "சார், உங்களுக்குத் தெரியுமே, இது இன்னா எழுத்து, மலையாளமா?" என்று கேட்டார். அவன் பார்த்தான். பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த மாதிரி ஒரு சந்தோஷம். "இல்லயில்ல, சிங்களம்தான்" என்றான், பக்கத்தில் நிற்கிறவருக்குத்தான் சொன்னான், பதில்தான் சொன்னான், ஆனால் மைக் கையில் இருந்தது, ஆனில் இருந்தது, கம்பத்தில் கட்டியிருந்த இரண்டு ஒலிபெருக்கியும் சேர்ந்து சாலை முழுக்கச் சிங்களம்தான் என்று சொல்லின.

அதற்கப்புறம் எது முன்னால் நடந்தது எது பின்னால் நடந்தது... உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே உடம்பாக எழுந்தது ஞாபகம் இருக்கிறது, டிரைவர் பக்கக் கதவை நெம்பித் திறந்து அந்த ஆளைச் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள், அவர் கீழே விழுந்தபோது தலை படிக்கட்டில் இடித்த சத்தம், "நான் தமிழன்யா, செங்கல்பட்டுக்காரன்யா" என்று அவர் கத்தினார், செங்கல்பட்டு என்ற சொல் முடிவதற்குள் வாயில் ஒரு செருப்புக்கால், பல் சிவந்தது, இன்னொரு கால் விலாவில், இன்னொன்று, சோளக்கதிரை மிதிக்கிற மாதிரி நிறுத்தாமல் மிதித்தார்கள், உள்ளேயிருந்து பெண்கள் கத்துகிறார்கள், யாரோ ஒரு மாதா சுரூபத்தை ஜன்னல் வழியாகத் தூக்கித் தூக்கிக் காட்டுகிறார்கள், வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள், அவனுக்குத் தெரிந்தது, தெரியாது என்று சொல்ல முடியாது, ஞானஸ்நானம் வாங்கியவன், அந்தச் சேலைக் கட்டும் கிரீடமும் எந்த மாதா என்று அவனுக்கா தெரியாது? சாலை வேலைக்குக் கொட்டியிருந்த கருங்கல் குவியல் பக்கத்திலேயே இருந்தது. கைக்கு அடக்கமான ஒரு துண்டு, வெயிலில் சுட்டது, ஒரு முனை கூர். மூன்றாவது ஜன்னலில் ஒரு பெண், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், பூப்போட்ட சட்டை, கழுத்தில் ஜெபமாலை, திரைச்சீலையை இழுத்து மூடப் பார்க்கிறாள், அது கம்பியில் சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது, அவள் அதை விட்டுவிட்டு நேராக அவனைப் பார்த்தாள். பார்த்தாள், அவனும் பார்த்தான், பார்த்துவிட்டுத்தான் எறிந்தான். கூட்டத்தோடு கூட்டமாக எறிந்தேன் என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், தன்னிடம் எப்படிச் சொல்வது? தோள் பின்னால் போய், முன்னால் வந்து, விரல்கள் விட்ட அந்த நொடியில் உடம்பில் இருந்த சுமையெல்லாம் அந்தக் கல்லோடு போன மாதிரி, நான்கு வருஷத்தில் அப்படி ஒரு இலேசை அவன் அனுபவித்ததில்லை... கண்ணாடி கற்கண்டு மாதிரிப் பொடிந்து உள்ளே கொட்டியது. "அம்மே... மாதாவே!" என்று அவள் அலறினாள். முகத்தைப் பொத்திய இரண்டு கைக்கும் நடுவில் சிவப்பு இறங்கி ஜெபமாலை மணிகளில் சொட்டியது.

"ஆனந்த்ராஜ் சார், உங்க பார்வையில இந்தியா எந்த மாதிரி நிலைப்பாடு எடுக்கணும்?" வெண்மதி கேட்டுவிட்டுக் காத்திருந்தாள், சிவப்பு விளக்கு அவன் பக்கம் திரும்பியது, அவன் வாயைத் திறந்தான், வாய் தானாகப் பேசியது, அதற்கு அவன் தேவைப்படவே இல்லை, சுயேச்சையான சர்வதேச விசாரணை, பொருளாதாரத் தடை, ராணுவப் பயிற்சியை நிறுத்துவது, திருத்தம், வாக்கெடுப்பு, ஒவ்வொரு சொல்லும் கன்வேயர் பெல்ட்டில் வருகிற கட்டி மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக வந்து விழுந்தது, எல்லாம் சரியான சொற்கள், எல்லாம் அவன் இன்றைக்கும் நம்புகிற சொற்கள், அதில் ஒன்றுகூடப் பொய்யில்லை, பிறகு ஏன் நாக்கு கசக்கிறது? "வெள்ளிக்கிழமை நடந்த அந்த வருத்தமான சம்பவம்..." என்று வெண்மதி தொடங்கியதும் செங்குட்டுவன் மேசைக்கு அடியில் அவன் முழங்காலை அழுத்தினார், மேலே சிரித்த முகமாக, "அதுல விஷமிகள் ஊடுருவிட்டாங்க மேடம், எங்க அமைப்புக்கும் அதுக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல, விசாரணையில இருக்கிற விஷயத்தப் பேசறது முறையாகாது" என்றார். மாடிப்படியில் ஏறும்போதே சொல்லிவிட்டார், "தோழரே, நீங்க பெர்மனென்ட் எம்ப்ளாயி, மறந்துடாதீங்க, வாயத் தொறந்தா சஸ்பென்ஷன், அப்புறம் ஜெயிலு. அதான் ஒரு ஆளப் புடிச்சிட்டாங்கல்ல, நான் ஜாமீன் எடுத்துக் கொடுக்கிறேன், விடுங்க." ஒரு ஆள். பெயர்கூடச் சொல்லவில்லை.

தங்கராசு என்று பெயர். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் லேபர், குறிஞ்சிப்பாடிப் பக்கம், பதினாறு வருஷமாக நாளைக்குப் பெர்மனென்ட் ஆகிவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கிறவன், ஆனந்த்ராஜ் எந்த மேடையில் பேசினாலும் முதல் வரிசையில் வாயைப் பிளந்துகொண்டு உட்காருவான், பேரவை, தீர்மானம் எதுவும் புரியாது, "நீங்க சொன்னா சரியா இருக்கும்ணே" என்பான். வெள்ளிக்கிழமை மாலைப் பேப்பரில் வந்த போட்டோவில் அவன்தான் பேருந்துக்குப் பக்கத்தில் நிற்கிறான், அதை வைத்துச் சனிக்கிழமை விடியற்காலை வீட்டில் வந்து பிடித்துப் போய்விட்டார்கள். இன்றைக்குக் காலை ஏழு மணிக்கு அவன் மனைவி தனம் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றாள், உள்ளே வரவில்லை, செருப்பைக் கழற்றிவிட்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். "அண்ணே, அவரு ரெண்டு கையிலயும் பேனர் கம்பத்தப் புடிச்சிக்கினு நின்னாருண்ணே, அந்தப் படத்துலயே தெரியுது, மூணாவது கை இருந்தாதான கல்ல எடுக்க முடியும்? நீங்க பக்கத்துலயே இருந்தீங்களாமே. இன்னைக்கி டிவியில பேசப் போறீங்களாம், ஒரே ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே, கேஸு ஆயிட்டா கேட் பாஸப் புடுங்கிடுவாங்க, அப்புறம் நாங்க எங்க போறது?" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "ராத்திரி பூரா அடிச்சிருக்காங்க, பாதம் வீங்கி செருப்பே ஏறலண்ணே" என்று சொன்னபோதும் அழவில்லை, ஏதோ வீட்டுச் சாமான் உடைந்துபோனதைச் சொல்லுகிற மாதிரிச் சொன்னாள். "பாக்கறேம்மா" என்றான் இவன். பார்க்கிறேன். எதைப் பார்க்கிறது? பாதத்தில் விழுந்த ஒவ்வொரு அடியும் இவனுக்கு விழ வேண்டியது, இவன் அப்போது எட்டாம் பிளாக் வீட்டில் ஃபேனுக்கு அடியில் படுத்திருந்தான்.

தூங்கினானா என்றால் தூங்கவும் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனைவி சகாயமேரி ஆறரை மணி பஸ்ஸில் வந்தாள், கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவள் நர்ஸ், வந்ததும் வராததுமாகச் சீருடையைக் கழற்றி வாளியில் ஊறப்போட்டாள், தண்ணீர் மெல்ல மெல்ல ரோஜா நிறமாகியது. "ஒரு யாத்திரைக்காரம்மாவக் கொண்டாந்தாங்க, கண்ணுக்குள்ள கண்ணாடித் தூளு மட்டும்னா எடுத்திருப்பாங்க, கல்லே உள்ள போயிடுச்சி, சோத்தாங்கைப் பக்கத்துக் கண்ண எடுத்துட்டாங்க" என்றாள், அவனைப் பார்க்காமல். பிறகு பார்த்தாள். முகத்தை இல்லை, கையை. ஆள்காட்டி விரலில் தோல் உரிந்திருந்தது. "கையில என்னா?" "வேலையில பட்டுடுச்சி." "இன்னைக்கி நீங்க லீவு போட்டீங்களே." அவள் போய் டெட்டாலும் பஞ்சும் எடுத்துவந்து அந்த விரலைத் துடைத்தாள், வார்டில் யாருக்கோ செய்கிற மாதிரி, எரிந்தது, ஊதக்கூட இல்லை, பிளாஸ்திரியை ஒட்டி ஓரத்தைக் கட்டை விரலால் நீவிவிட்டாள். "மயக்க ஊசி ஏறுற வரைக்கும் 'அருள் நிறைந்த மரியே'ன்னு சொல்லிக்கினே இருந்தாங்க" என்றாள். அவன் நாக்கு புரண்டது, "தமிழ்லயா?" என்று கேட்டான். "தமிழ்லதான் சொன்னாங்க, ஒரு எழுத்து பிசகாம." "அப்ப... தமிழ் ஆளா?" அவள் வாளித் தண்ணீரை முற்றத்தில் கொட்டப் போய்விட்டாள். மறுநாள் பேப்பரில் பெயர் வந்தது, மேரி பெர்னாண்டோ, தூத்துக்குடி முழுக்க பெர்னாண்டோதானே, சிங்கள எழுத்து ஒட்டிய வண்டியில் வந்தால் என்ன, தமிழேதான்... அந்த நொடியிலிருந்து சோறு இறங்கவில்லை. தமிழச்சியை அடித்துவிட்டேன், யாருக்காகப் பேசிப் பேசித் தொண்டை கிழிந்ததோ அவளுடைய கண்ணையே தோண்டி எடுத்துவிட்டேன், குண்டு போட்டவன் பாதி செய்தான், மீதியை நான் முடித்துவைத்தேன் என்று சனிக்கிழமை பகல் முழுக்க பின்கட்டில் முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான், பட்டையில் நெற்றியை மோதினான், ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாவது தடவை பக்கத்து குவார்ட்டர்ஸ் அம்மா எட்டிப் பார்த்ததால் நிறுத்திக்கொண்டான்.

இதோ உள்நாடு வந்துவிட்டது, பேராசிரியர் மெகாவாட் கணக்கை அடுக்குகிறார், நம் மண்ணைத் தோண்டி நம் கரியை எரித்து எடுக்கிற மின்சாரம் பக்கத்து மாநிலத்துக்கு எவ்வளவு, நமக்கு எவ்வளவு, செங்குட்டுவன் மேசையைத் தட்டுகிறார், "தண்ணி குடுக்காதவனுக்குக் கரண்ட் எதுக்கு? ஒயர அறுக்கணும் மேடம், கோபுரத்தச் சாய்க்கணும், ரெண்டு நாளு இருட்டுல கெடந்தாத்தான் புத்தி வரும்" என்கிறார், அறு, சாய், கொளுத்து, இவர் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுவார், அதற்குக் கை கொடுக்க எவனாவது ஒருவன் இரண்டு கையிலும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பான்... "ஒரு சின்ன இடைவேளை" என்றாள் வெண்மதி. சைலன்டில் போட்டிருந்த போனை எடுத்துப் பார்த்தான், சகாயமேரி, நான்கு தவறிய அழைப்பு. மாடிப்படிக்கு வந்து கூப்பிட்டான். அவள் வார்டிலிருந்துதான் பேசினாள், பின்னால் தள்ளுவண்டி உருளுகிற சத்தம். "ஏங்க, அவங்க நாட்டுலேர்ந்து ஆபீசர் வந்திருக்காரு. அந்தம்மாவுக்குத் தமிழே வராதாங்க. நீர்கொழும்பாம், அந்த ஒரு ஜெபம் மட்டும் அவங்க அம்மா சொல்லிக்குடுத்தது வாயில நின்னுபோச்சாம், மத்ததெல்லாம் சிங்களந்தான் பேசுறாங்க. நேத்தெல்லாம் நான் என்னென்னமோ பேசிக்கினு இருந்தேன், ஒண்ணும் புரியாமயே என் கையப் புடிச்சிக்கினு படுத்திருந்திருக்காங்க... ஏங்க, கேக்குதா?" "ம்." "இன்னொரு கண்ணும் கஷ்டம்னு டாக்டர் சொல்றாரு. சீழ் வச்சிடுச்சாம்." "ம்." "ம்முன்னா என்னா அர்த்தம்?" என்று அவள் கேட்டாள். அவன் வைத்துவிட்டான்.

கீழே டீக்கடையில் வடை போட்டுக்கொண்டிருந்தார்கள், எண்ணெய் வாசனை படியேறி வந்தது, பசித்தது. நேற்றுக் காலைக்கப்புறம் முதல் தடவையாக வயிறு கிள்ளியது, மூச்சு அடிவயிறு வரைக்கும் இறங்கிப் போய்த் திரும்பி வந்தது, தோளில் பிடித்துவைத்திருந்த ஏதோ ஒன்று கழன்று விழுந்தது, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று, நல்ல வெயில் என்று நினைத்தான், வடலூர் கடைத்தெருவில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம், ஒருவர் சைக்கிளில் வாழைத்தாரைக் கட்டிப் போகிறார், எல்லாம் பழையபடி இருக்கிறது, எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது... "சார், லைவ், லைவ்" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். உட்கார்ந்தான். மைக்கைத் தானே சரிசெய்துகொண்டான். "நேயர் ஒருவர் காத்திருக்கிறார், வணக்கம் சொல்லுங்க, எங்கிருந்து பேசறீங்க?" "குறிஞ்சிப்பாடிங்க. தனம் பேசறேங்க." செங்குட்டுவனின் கை மறுபடி முழங்காலுக்கு வந்தது. "ஆனந்த்ராஜ் அண்ணன் இருக்காருங்களா? அண்ணே, காலையில பாக்கறேன்னீங்களே. எல்லாரும் பேசறீங்க, கேட்டுக்கினுதான் இருக்கேன், அவரப் பத்தி ஒருத்தரும் பேசலியேண்ணே. அவரு கல்ல எடுத்தாரா இல்லயா, அத மட்டும் சொல்லிடுங்க, நான் வச்சிடறேன்." வெண்மதி இணைப்பைத் துண்டிக்கச் சொல்லிச் சைகை காட்டினாள், யாரும் துண்டிக்கவில்லை. அந்தக் கையை முழங்காலிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு ஆனந்த்ராஜ் நேராகக் கேமராவைப் பார்த்தான். "தங்கராசு எடுக்கல. அவன் பேனரப் புடிச்சிக்கிட்டு நின்னான். கல்ல எறிஞ்சது நான். மூணாவது ஜன்னல்ல எறிஞ்சது நான்தான்."

சொல்லி முடித்தபோது ஜெனரேட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. போனில் தனம் "அண்ணே..." என்றாள், முதல் தடவையாக அழுதாள், "நீங்க நல்லா இருக்கணும்ணே" என்றாள், லைன் போய்விட்டது. இதுதான் நல்ல காரியம், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், தங்கராசு வெளியே வந்துவிடுவான், வேலை போனால் போகட்டும், ஜெயில் என்றால் ஜெயில்... கேமராவுக்குப் பின்னாலிருந்து அந்தக் கேமராக்காரர், சற்று முன்னால் கையைத் தட்டிவிட்டானே அவர், கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார், கண் பளபளத்தது. செங்குட்டுவன் ஒரு கணம்தான் தடுமாறினார், அவருக்கு நீதிமன்றப் பழக்கம், உடனே திரும்பிவிட்டார், "பாத்தீங்களா மேடம், இதுதான் தமிழனோட அறச்சீற்றம், எவ்ளோ தைரியமா நெஞ்ச நிமித்திச் சொல்றாரு பாருங்க, இந்தக் கோபத்த டெல்லி புரிஞ்சிக்கணும்!" நெஞ்சை நிமிர்த்தியா? ஆமாம், நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தான். எதிரே மானிட்டரில் தெரிந்தான், கேட் மீட்டிங்கில் நிற்பானே அதே கழுத்து, அதே மோவாய், குரலும் அதே குரல்தான் என்று இப்போதுதான் காதில் விழுந்தது, குற்றத்தை ஒப்புக்கொள்கிறவன் குரல் இப்படியா ஏறி இறங்கும்? கைதட்டலுக்கு இடம் விட்டா நிறுத்தும்?

பேராசிரியர் பன்னீர்செல்வம் மட்டும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். யானைகளைப் பற்றி, கடல்களைப் பற்றி அரை மணி நேரம் பேசியவர், மெதுவாக, மைக்குக்கு எட்டாத குரலில், "அந்தம்மா இப்ப எப்பிடி இருக்காங்க தம்பி, தெரியுமா?" என்று கேட்டார். தெரியும், சார். இந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். இன்னொரு கண்ணும் கஷ்டமாம், சீழ் வைத்துவிட்டதாம், புரியாத பாஷை பேசுகிற ஒரு நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாளாம்... சொல்ல வாயைத் திறந்தான். அப்போதுதான், காலையில் கேட்டுக்கு வெளியே தனம் நின்றபோது இதே வாய் ஏன் திறக்கவில்லை என்று ஒரு கேள்வி, யாரோ கேட்ட மாதிரி, உள்ளே வந்து உட்கார்ந்தது. நேற்றே ஸ்டேஷனுக்குப் போயிருக்கலாமே, சகாயமேரி கையைத் துடைத்தபோது சொல்லியிருக்கலாமே, மரத்தில் நெற்றியை மோதிக்கொண்டவனுக்கு இந்த ஒரு வாக்கியம் ஏன் வரவில்லை, பயமா, வேலை போய்விடுமென்றா, பாதம் வீங்குமென்றா, அந்தப் பயமெல்லாம் இப்போதும் அப்படியேதான் இருக்கிறது, எதுவும் மாறவில்லை, மாடிப்படியில் நின்ற அந்த மூன்று நிமிஷத்தில் மாறியது ஒன்றே ஒன்றுதான்... பேராசிரியர் பதிலுக்குக் காத்திருந்தார், வெண்மதி காத்திருந்தாள், சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ஆனந்த்ராஜ் திறந்த வாயை மூடாமல் மானிட்டரில் தெரிந்த அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தான், மாடிப்படிக்கு வருகிற வரைக்கும் அவள் தமிழச்சியாக இருந்தாள்.